காலநிலை நாவலை மேடையில் வாசிப்பது எப்படி: எழுத்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் நூல் வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, முதல் பிரதி பெற்றவர் உரை, நாலு மதிப்புரை, இரண்டு வாழ்த்துரை, நடுநடுவே பொன்னாடை. எட்டரை மணிக்கு மேல், பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, எழுத்தாளரின் ஏற்புரை. எல்லாரும் நாவலைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நாவலிலிருந்து ஒரு பத்திகூட யார் காதிலும் விழுந்திருக்காது.

காலநிலை நெருக்கடியை வைத்து எழுதிய நாவல் என்றால் இன்னொரு கேடும் சேரும். மைக் கையில் கிடைத்ததும் எழுத்தாளர் விரிவுரையாளராக மாறிவிடுவார். கார்பன் அளவு, துருவப் பனி, பாரிஸ் ஒப்பந்தம் என்று போகும். கூட்டம் நெளியும். இத்தனைக்கும் அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர்களாகவோ, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களாகவோ இருப்பார்கள். அவர்களுக்குக் காலநிலையைப் பாடம் நடத்த வேண்டியதில்லை, கதையை வாசித்தால் போதும்.

ஒரு மணி நேர வாசிப்பு நிகழ்ச்சியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வாசிப்பு 15 முதல் 18 நிமிடம், மற்றதெல்லாம் உரையாடல். வெளியீட்டு விழாவுக்குள்ளேயே வாசிப்பு என்றால் 7 நிமிடத்தை நிபந்தனையாகக் கேட்டு வாங்குங்கள். அதையும் மதிப்புரைகளுக்கு முன்பே கேளுங்கள்.

படி 1: இடமும் நாளும்

சென்னையில் என்றால் சனி, ஞாயிறு மாலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: நவம்பர், டிசம்பரில் வைத்தால் மாற்றுத் தேதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வெள்ளத்தைப் பற்றிய நாவலின் கூட்டம் மழையால் ரத்தாவது கேட்க வேடிக்கையாக இருக்கும், அரங்க வாடகை கட்டியவருக்கு இருக்காது.

நாவல் நடக்கும் ஊரிலேயே வாசிப்பதுதான் நல்லது. கொஞ்சம் பயமும்தான். அப்படிச் செய்வதானால் அந்த ஊரின் வேலைக் காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பிரித்துத் தைத்துக்கொண்டு பேசவும் நேரம் இருக்கும். மற்ற மாதங்களில் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போகிறவர்களை ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். டெல்டாவில் நடவு நாட்களையும் அறுப்பு நாட்களையும் தவிருங்கள். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளப் பகுதிகளில் உப்பு வாரும் கோடை மாதங்களில் சாயங்காலம் ஆகும்போது யாருக்கும் உட்கார்ந்து கேட்கும் தெம்பு இருக்காது. மழைக்காலத்தில் வேலை நின்றிருக்கும்போது வையுங்கள்.

படி 2: எந்தப் பகுதியை வாசிப்பது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கை தானாகவே உச்சக்கட்டத்துக்குப் போகும்: புயல் கரை கடக்கும் இரவு, அணை திறக்கும் காட்சி, சாவு. அவற்றை வாசிக்காதீர்கள். முன்னூறு பக்கம் படித்து வந்தவனுக்குத்தான் அந்த இரவு கனக்கும். நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தவனுக்கு அது தொலைக்காட்சிச் செய்தி.

தேட வேண்டியது, யாராவது வேலை செய்துகொண்டிருக்கும் காட்சி. அந்த வேலைக்குள் பருவம் தவறியது தெரிய வேண்டும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வராமல் மோட்டார் போட்டுப் பார்க்கிறவர். இறால் குட்டையில் உப்பு ஏறியதை நாக்கில் வைத்துப் பார்க்கிறவர். கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்தக் கூலி பேசுகிறவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் காற்று எப்படி அடித்தது என்று எழுதுவதைவிட, ஒரு வாரம் கழித்து அந்தக் கூலிப் பேச்சு எப்படி நடந்தது என்பதில் அதிகம் இருக்கிறது. பிள்ளையைப் போல வளர்த்த மரத்தை அகற்றுவதற்கு மரத்துக்காரரே காசு கொடுக்க வேண்டியிருந்தது.

தேர்ந்த பகுதிக்கு மூன்று சோதனை வையுங்கள். பாத்திரங்கள் மூன்றுக்கு மேல் இருக்கிறார்களா? காதால் கேட்பவருக்குப் பெயர்கள் குழம்பும், வேறு பகுதி பாருங்கள். முன்கதை சொல்லாமல் புரியுமா? இரண்டு வாக்கியத்துக்கு மேல் முன்கதை தேவை என்றால் அதையும் விடுங்கள். எங்கேயாவது ஒரு சிரிப்பு இருக்கிறதா? இதை யாரும் கேட்பதில்லை. நிவாரண முகாமில் சாம்பார் சாதத்தைப் பற்றிச் சண்டை போடாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. அந்தச் சண்டை உங்கள் நாவலில் இருந்தால், அதை வாசியுங்கள்.

அளவு: தமிழ் உரைநடையை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொல் போகும். 15 நிமிடத்துக்கு 1300 சொல் போதும். அச்சுப் புத்தகத்தில் ஐந்து, ஆறு பக்கம்தான். குறைவாகத் தோன்றும், ஆனால் கேட்பவருக்குச் சரியாக இருக்கும்.

படி 3: எண்களை வடிகட்டுவது

காலநிலை நாவலில் எண்கள் இல்லாமல் இருக்காது. அரங்கில் எல்லா எண்ணும் ஒரே மாதிரி விழுவதில்லை. உலகச் சூடு இதற்கு மேல் கூடக் கூடாது என்று பாரிஸ் ஒப்பந்தத்தில் பேசிய ‘1.5 டிகிரி’யை வாசித்துப் பாருங்கள், யார் முகத்திலும் எதுவும் நடக்காது. சித்திரை வெயிலில் ஒன்றரை டிகிரி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்றுதான் தோன்றும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் ‘17’ என்று வாசியுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். விதியைத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் போகும், குழு வரும், அதுவரை மூட்டைகள் வெளியே கிடக்கும். ஈரம் அளக்கும் கருவியில் 21 என்று காட்டியதைப் பார்த்தவர்களுக்கு அது புள்ளிவிவரம் அல்ல.

அதனால் ஒரே ஒரு விதி: ஊர்க்காரர் உடம்பில் பட்ட எண்ணை மட்டும் வாசியுங்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டின் எண். 2015 வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்குத் திறந்த 29,000 கன அடி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் ரயில் கொண்டுவந்த 25 லட்சம் லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. இவற்றில் ஒன்று போதும். மற்ற எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், கேள்வி நேரத்தில் உதவும்.

படி 4: வாசிப்புப் பிரதி தயாரித்தல்

புத்தகத்தைக் கையில் பிடித்து அப்படியே வாசிக்காதீர்கள். மேடைக்கென்று தனிப் பிரதி தயாரிக்க வேண்டும். அச்சில் வந்த வாக்கியத்தை மாற்றலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாக மாற்றலாம், அது உங்கள் நாவல்.

கண்ணுக்கு எழுதிய தமிழ் காதுக்கு எங்கே இடறும் என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். இந்தப் பத்தி இதற்காகவே எழுதியது:

“காலநிலை மாற்றத்தின் விளைவாக வடகிழக்குப் பருவமழை தன் வழக்கமான எல்லையைத் தாண்டித் தை மாதத்திலும் நீடித்ததால், அறுவடைக்குத் தயாராக நின்றிருந்த, நான்கு மாத உழைப்பையும் நகைக்கடனையும் விழுங்கியிருந்த சம்பாப் பயிர் முழுவதும் சாய்ந்து நீரில் கிடப்பதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்லையாவின் மனத்தில் இனம்புரியாத வெறுமை படர்ந்தது.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் செல்லையா வந்து சேர்வதற்குள் கேட்பவர் களைத்துவிடுவார். ‘நின்றிருந்த’, ‘விழுங்கியிருந்த’, ‘பார்த்துக்கொண்டிருந்த’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதை எல்லாம் நினைவில் தாங்கிக்கொண்டு கடைசியில் வரும் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும், காதால் முடியாது. போதாததற்கு முதல் சொல்லே தலைப்புச் செய்தி, கடைசிச் சொல்லோ யாருடைய நாவலிலும் வரக்கூடிய வெறுமை. வாசிப்புப் பிரதியில் இப்படி ஆகலாம்:

“தை பிறந்து அஞ்சு நாள். மழை விடவில்லை. செல்லையா வரப்பில் நின்றார். சம்பா மொத்தமும் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. இறங்கி ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தார். மணியின் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தார். போகவில்லை. முளை. சங்கிலியை எந்தத் தேதிக்குள் மீட்டுத் தருவதாக அவளிடம் சொன்னோம் என்று யோசித்தார்.”

காலநிலை மாற்றம் என்ற சொல்லே போய்விட்டது. அது போனதால் நஷ்டம் ஒன்றுமில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் பெய்த மழையைப் பார்த்தவர்கள் ‘முளை’ என்ற இடத்தில் நாற்காலியில் அசைவார்கள். சென்னைக்காரருக்கு அங்கே புரியாமல் போகலாம். அதற்காக விளக்க வாக்கியம் சேர்க்காதீர்கள், சங்கிலி வந்ததும் புரிந்துவிடும்.

எல்லா நீள வாக்கியத்தையும் உடைக்கச் சொல்லவில்லை. ‘எழுந்து, படியிறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து’ என்று செயல் செயலாக நீளும் வாக்கியம் காதுக்கு இனிமைதான். நம் பாட்டிகள் அப்படித்தான் கதை சொன்னார்கள்.

பிறகு சில சில்லறை வேலைகள். 16 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும். பத்தி முடியும் இடத்தில் தாள் முடியட்டும், பாதி வாக்கியத்தில் தாள் புரட்டினால் தாளின் சத்தம்தான் கேட்கும். எண்களை எப்படிச் சொல்லப்போகிறீர்களோ அப்படியே எழுத்தில் எழுதுங்கள். ‘1.5’ என்று இருந்தால் மேடையில் ஒரு நொடி திக்குவீர்கள், ‘ஒன்றரை’ என்று இருந்தால் இல்லை. உரையாடலில் ‘என்று அவள் சொன்னாள்’ போன்றவற்றில் பாதியை அடியுங்கள், யார் பேசுகிறார் என்பதைக் குரலே சொல்லிவிடும்.

வட்டாரச் சொற்களை மட்டும் தொடாதீர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருக்கும் மக்களைப் பற்றி எழுதிவிட்டு மேடையில் ‘வடக்குக் காற்று’ என்று வாசித்தால் நாவலுக்கே துரோகம். ஆனால் அந்தச் சொல்லை அந்தந்த ஊரில் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஊருக்கு ஊர் சொல் மாறும், அதே சொல்லுக்குத் திசையும் மாறும்.

படி 5: ஒத்திகை

செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். தன் குரலைக் கேட்க யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் கேளுங்கள். மூன்று விஷயம் தெரியவரும்: எங்கே வேகம் கூடுகிறது (எழுத்தாளருக்கே அலுத்த இடம் அது, வெட்டலாம்), எங்கே மூச்சு போதவில்லை, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே ராகத்தில் இறக்கி முடிக்கிறீர்களா. மூன்றாவதுதான் கூட்டத்தைத் தூங்கவைப்பது. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றி நடிக்க வேண்டாம். கிழவிக்கு நடுக்கக் குரல் கொடுத்தால் சிரிப்பார்கள், அதுவும் நீங்கள் நினைத்த இடத்தில் அல்ல.

படி 6: அரங்கு

அரை மணி முன்பே போங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் ‘ப’ வரும்போதெல்லாம் வெடிக்காது. மேசைமேல் விளக்கு இருக்கிறதா, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறதா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று பாருங்கள்.

பின்னணியில் அலையோசை, ட்ரோனில் எடுத்த வெள்ளக் காட்சி, வறண்ட ஏரியின் விரிசல் படம் இதெல்லாம் வைக்கலாமா என்று அமைப்பாளர் கேட்பார். ஆர்வத்தில்தான் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படம் ஓடினால் எல்லாரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். மேசையில் வரிசையாகக் குட்டி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைப்பதையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

படி 7: முதல் இரண்டு வாக்கியம்

வாசிப்பதற்கு முன் சொல்ல வேண்டியது: யார், எந்த ஊர், எந்த மாதம். “செல்லையாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே மூன்று ஏக்கர் குத்தகை, இது தை மாதம்.” அவ்வளவுதான். நாவல் எப்படிப் பிறந்தது, எத்தனை வருடம் ஆய்வு செய்தீர்கள் என்பதெல்லாம் பிறகு யாராவது கேட்டால் சொல்லலாம். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் சிலப்பதிகார வரியைத் தலைமை தாங்குபவர் எப்படியும் சொல்லிவிடுவார். அதை அவருக்கே விட்டுக்கொடுங்கள்.

படி 8: வாசிக்கும்போது

முதல் பக்கத்தை நீங்கள் விரும்புவதைவிட மெதுவாக வாசியுங்கள். கூட்டம் உங்கள் குரலுக்குப் பழக ஒரு நிமிடம் எடுக்கும். தவறாக வாசித்தால் மன்னிப்புக் கேட்காமல் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசித்துவிட்டுப் போங்கள்.

பாதிக்கப்பட்ட ஊரில் வாசிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஒரு தேவாலய வளாகத்தில் வாசிக்கிறீர்கள் என்றால், முன்வரிசையில் இருப்பது யார் என்பது உங்களுக்குத் தெரியாது. எந்தப் பகுதியை வாசிக்கப்போகிறீர்கள் என்று பங்குத்தந்தையிடமோ ஊர்க் கமிட்டியிடமோ ஒரு வாரம் முன்பே காட்டிவிடுங்கள். அனுமதிக்காக அல்ல. யார் வருவது, யார் அன்று வராமல் இருப்பது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வதற்காக. நடுவில் யாராவது எழுந்து வெளியே போனால் வாசிப்பை நிறுத்தாதீர்கள், அவரைப் பின்தொடர்ந்து பார்க்கவும் பார்க்காதீர்கள். யாராவது அழ ஆரம்பித்தால் பத்தி முடியும்வரை வாசித்துவிட்டு நிறுத்துங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வது உங்கள் வேலை இல்லை.

படி 9: கேள்வி நேரம்

சில கேள்விகள் வந்தே தீரும். பதிலைச் சுருக்கமாகத் தயார் செய்துகொள்ளுங்கள்.

“2015 வெள்ளம் காலநிலை மாற்றத்தால்தானே?” ஆமாம் என்று சொன்னால் கைதட்டு கிடைக்கும். பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் சென்னை மூழ்கியது, கதைக்கு அது அபாரமான தற்செயல். ஆனால் அந்த மழையை ஆராய்ந்த சர்வதேசக் குழு ஒன்று, டிசம்பர் 1 மழையில் புவி வெப்பமாதலின் பங்கு தென்படவில்லை என்றே சொன்னது. காற்றில் கலந்த தூசும் புகையும் அதுவரை வெப்பத்தின் விளைவை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். பொதுவாகச் சொல்ல முடிந்தது இது: ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்தால் கொட்டும். ஏரியில் கட்டிய வீடும் அடைத்த வாய்க்காலும் காலநிலையின் கணக்கில் வராது, நம் கணக்கில்தான் வரும். நாவலாசிரியர் இதை நேர்மையாகச் சொன்னால் மற்றதையும் நம்புவார்கள்.

“பூமி எப்போதும் சூடாகிக் குளிர்ந்துதானே வந்திருக்கிறது?” வந்திருக்கிறது. ஆனால் பனிப்பாறைக்குள் அடைபட்ட காற்றை வைத்துப் பார்த்தால், எட்டு லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 300 பங்கை ஒட்டித்தான் உச்சம் தொட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280, இப்போது 420க்கு மேல். உங்கள் துண்டுச்சீட்டுக்கு வேலை இங்கேதான்.

“குமரிக்கண்டம், கடல்கோள்?” இந்தக் கேள்வி வராத தமிழ்க் கூட்டம் கிடையாது. சிரிக்காதீர்கள், கேட்பவர் உண்மையிலேயே கேட்கிறார். கடைசிப் பனியுகம் முடிந்தபின் பல ஆயிரம் ஆண்டுகளில் கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது உண்மை, கரைகள் மூழ்கியதும் உண்மை. அதிலிருந்து ஒரு கண்டம் மூழ்கியது என்று சொல்ல முடியாது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறியது 20 சென்டிமீட்டர், நாவல் பேசுவது இதைத்தான் என்று திரும்பி வாருங்கள். நாகையிலும் கடலூரிலும் 2004 சுனாமியையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அது நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலையால் அல்ல.

“நாங்கள் என்னதான் செய்வது?” மரம் நடுங்கள், பிளாஸ்டிக்கைத் தவிருங்கள் என்று பதில் சொல்ல ஆசை வரும். 1,300 சொல்லில் ஒரு மனிதரைக் கூட்டத்தின் முன் நிறுத்திவிட்டு, கடைசியில் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியதைப் படிக்காதீர்கள். உங்கள் நாவலின் பாத்திரங்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லலாம். அந்த ஊர் ஏரியின் மதகைப் பற்றி ஊர்க்காரரிடமே திருப்பிக் கேட்கலாம். கேட்டால் உங்களைவிட விவரமாகப் பதில் வரும், கூட்டம் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கும். மைக்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

படி 10: கூட்டம் முடிந்ததும்

ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர் ஒருவர் தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து, “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி, ஆனா ஐப்பசியில அந்தக் காத்து அப்படி அடிக்காது” என்பார். வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பதிப்பில் திருத்தலாம். அவர் தப்பாகச் சொல்கிறார் என்று தோன்றினாலும் எழுதிக்கொண்டு, அதே ஊரில் இன்னொருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

புத்தக மேசையை வாசலுக்குப் பக்கத்தில் போடுங்கள், உள்ளே மூலையில் வேண்டாம். ஜிபே அட்டை, பத்து ரூபாய் சில்லறை, கையெழுத்துக்கு நல்ல பேனா. வாசித்த பகுதி தொடங்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகி வைத்தால், எடுத்துப் புரட்டுகிறவர் அந்த இடத்தைத்தான் முதலில் தேடுவார். வாசித்ததும் அச்சில் இருப்பதும் ஒன்றாக இல்லையே என்று யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.